வரிசை போய்விட்டது, கேன் போகவில்லை: எரிபொருள் சேமிப்பை ஒழுங்குபடுத்துவது யாருடைய கடமை?

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பெற்றோல் ஷெட்டிலிருந்து அடுத்த சந்தி வரை நீண்ட வரிசைகள், மார்ச் மாத இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு, ஜூன் 27ஆம் திகதி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற அறிவிப்பு, அதன் பின் வந்த கியூ.ஆர். முறை என்று அந்த மாதங்கள் நம் வாழ்க்கையையே மாற்றிப்போட்டன. கிடைத்த நாளில் கிடைத்ததை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது அன்று புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கேன்களில் எரிபொருள் வழங்குவதற்குத் தடை வந்தபோது, மோட்டார் சைக்கிள் தாங்கியில் நிரப்பிச் சென்று வீட்டில் குழாய் போட்டு இறக்கியவர்களும் இருந்தார்கள்.

வரிசைகள் போய்விட்டன. ஆனால் அன்று வீட்டுக்குள் வந்த கேன்கள் இன்னும் பல வீடுகளில் படிக்கட்டின் கீழும், குசினியின் பின்புறமும், கடையின் மேல்மாடியிலும் இருக்கின்றன. விலை கூடப்போகிறது என்ற வதந்தி கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவை மீண்டும் நிரம்புகின்றன. இந்தக் கேன்கள் உண்மையில் எவ்வளவு ஆபத்தானவை, இதைப் பற்றிய விதிகள் எதற்காக இருக்கின்றன, நமது ஊர்களில் யார் என்ன செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிவது திரவம் அல்ல, ஆவி

பெற்றோல் எரிகிறது என்று சொல்கிறோம். விஞ்ஞான பாடத்தின்படி அது முழு உண்மை அல்ல. திரவ நிலையில் உள்ள பெற்றோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றுடன் கலந்துதான் எரிகிறது. ஆகவே ஒரு திரவம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அளக்க, எந்த வெப்பநிலையில் அது தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளிவிடத் தொடங்குகிறது என்று பார்க்கிறார்கள். உலகம் முழுவதும் எரிபொருள் சட்டங்களுக்கு அடிப்படையாக இருப்பது இந்தத் தீப்பற்று வெப்பநிலைதான்.

பெற்றோலுக்கு இது சுமார் மறை 40 பாகை செல்சியஸ். அதாவது பனி உறையும் நாட்டிலும் பெற்றோல் எரியத் தயாராகவே இருக்கிறது. நமது நாட்டின் வெயிலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வர்ணப்பூச்சுக் கடைகளில் விற்கப்படும் தின்னர் வகைகள் பலவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. டீசலுக்கு இது 50 பாகைக்கு மேல். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகையிலிருந்து தொடங்குகிறது. மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்று நாம் நினைப்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மட்டக்களப்பிலோ மன்னாரிலோ புத்தளத்திலோ தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் 38 பாகை என்பது பெரிய விடயமல்ல. போதாக்குறைக்கு, ஒரே கேனில் ஒரு நாள் பெற்றோலும் மறுநாள் மண்ணெண்ணெயும் ஊற்றுகிறோம். அடியில் தங்கிய சிறிதளவு பெற்றோல் கலந்தாலே மண்ணெண்ணெய் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். அதை விளக்கிலோ அடுப்பிலோ ஊற்றினால் விளைவு விபரீதமாகும்.

இன்னொரு விடயம், பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது புகையைப் போல மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விடாது. தண்ணீரைப் போலத் தரையோடு படிந்து, கதவிடுக்கால் நகர்ந்து, பக்கத்து அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் போகும். "நான் கேனுக்குப் பக்கத்தில் நெருப்பே கொண்டு போகவில்லையே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. நெருப்பு கேனிடம் வரவில்லை. கேன்தான் நெருப்பிடம் போயிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லீற்றர் ஆவி உண்டாகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு இந்த ஆவி கலந்தாலே தீப்பற்றப் போதும். நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடியாக உள்ள ஓர் அறையின் கொள்ளளவு சுமார் 28,000 லீற்றர். கணக்குப் பார்த்தால், அந்த அறை முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவர இரண்டு லீற்றர் பெற்றோல் போதுமானது. ஆவி தரையோடு படிவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவே போதும். நமது வீடுகளில் இருப்பவையோ 20 லீற்றர் கேன்கள்.

நிலத்துக்கு மேலேயா, கீழேயா?

எரிபொருள் நிரப்பு நிலையங்களில் தாங்கிகளை நிலத்துக்குக் கீழே புதைக்கிறார்கள். வெயில் படாது, வாகனம் மோதாது, பக்கத்துக் கட்டிடம் எரிந்தாலும் வெப்பம் எட்டாது என்பதே காரணம். அதன் குறை, கசிவு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. நிலத்துக்கு மேலே வைக்கும் தாங்கியிலும் பீப்பாயிலும் கசிவு உடனே தெரியும், செலவும் குறைவு. ஆனால் வெயிலும் மோதலும் அயலில் பிடிக்கும் தீயும் நேரடியாகத் தாக்கும். ஆகவே நிலத்துக்கு மேலே சேமிப்பதென்றால் அதற்கென்று தனியான ஒழுங்குகள் வேண்டும். உலகெங்கும் அந்த ஒழுங்குகள் நான்கு ஐந்து எளிய கருத்துகளில் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விபத்தோ ஒரு யுத்தமோ இருக்கிறது.

முதலாவது, இடைவெளி. இதற்கு நமது நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திருகோணமலை சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூற்றுக்கணக்கான ஏக்கர் காட்டில் ஒன்றுக்கொன்று தூரம் விட்டே கட்டியிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி பல நாட்கள் எரிந்தது; ஏனையவை தப்பின. மறுபக்கம் கொலன்னாவையைப் பாருங்கள். 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டபோது கொழும்பின் வானமே கறுத்தது. இன்றும் அந்தத் தாங்கிகளைச் சூழ வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. தாங்கிக்கு இடைவெளி கொடுத்தால் மட்டும் போதாது, அந்த இடைவெளி வருடங்கள் கடந்தும் காக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, தடுப்புச் சுவர். தாங்கியைச் சுற்றி ஒரு தொட்டி போலச் சுவர் கட்ட வேண்டும். தாங்கி முழுவதும் கசிந்தாலும் அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் நிற்க வேண்டும். அதற்குள் இருக்கும் மிகப்பெரிய தாங்கியின் கொள்ளளவை விடப் பத்து வீதம் கூடுதலாக, அதாவது 110 வீதம் கொள்ள வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு.

மூன்றாவது, அளவுக்கு மிஞ்சி நிரம்பாமல் தடுப்பது. 2005 டிசம்பர் 11ஆம் திகதி இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகருக்கு அருகே பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் களஞ்சியத்தில் நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். இரவு முழுவதும் ஒரு தாங்கிக்குள் பெற்றோல் பாய்ந்துகொண்டிருந்தது. மட்டத்தைக் காட்டும் கருவி அதிகாலையில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நிரம்பியதும் தானாக நிறுத்த வேண்டிய இரண்டாவது கருவியும் இயங்கவில்லை. அதன் நெம்புகோலைச் சரியான நிலையில் வைத்திருக்க வேண்டிய ஒரு சிறிய பூட்டு மாட்டப்பட்டிருக்கவில்லை. இரண்டரை இலட்சம் லீற்றருக்கும் அதிகமான பெற்றோல் மேலால் வழிந்து ஆவியாகப் பரவி, காலை 6 மணியளவில் வெடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிரிழப்பு இல்லை. 43 பேர் காயமடைந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தாங்கிகள் தீக்கிரையாகின. தடுப்புச் சுவர்களும் முழுமையாகத் தாங்கவில்லை, எரிபொருளும் தீயணைப்பு நீரும் நிலத்தடி நீரில் கலந்தன. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இடத்தில் தவறிப்போனவற்றில் ஒன்று ஒரு பூட்டு.

நான்காவது, கசிவை நிறுத்துவதற்கான வழியும் பயிற்சியும். 2009 ஒக்டோபர் 29ஆம் திகதி இந்தியாவின் ஜெய்ப்பூரில் ஓர் எண்ணெய்க் களஞ்சியத்தில், குழாய் வழியாகப் பெற்றோலை அனுப்பும் வேலையின்போது கசிவு தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை நிறுத்த முடியவில்லை. பின்னர் ஏற்பட்ட வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயை அணைக்க வழியின்றி, எரிந்து முடியும் வரை ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்.

ஐந்தாவது, மக்களை விலக்கி வைப்பது. 2017 ஜூன் 25ஆம் திகதி, ரமழானின் கடைசி நாளன்று, பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் எரிபொருள் பவுசர் ஒன்று வீதியில் புரண்டது. மறுநாள் அங்கு பெருநாள். கசிந்த பெற்றோலை அள்ளுவதற்கு அயல் கிராம மக்கள் பாத்திரங்களோடும் கேன்களோடும் ஓடி வந்தார்கள். தீப்பற்றியதில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் திருடர்கள் அல்லர், ஏழைகள். பெற்றோல் என்பது பணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் ஆவியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

தீயோடு முடிவதில்லை

எரிபொருள் சேமிப்பில் தீ மட்டுமே ஆபத்து அல்ல. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின் நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்ததால் சுற்றுவட்டாரக் கிணறுகள் பாவனைக்கு உதவாமல் போனதை நாம் அறிவோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. ஆனால் கெட்டுப்போன கிணற்றைத் தீர்ப்பு உடனே சுத்தமாக்கிவிடாது. கிழக்கிலும் புத்தளம், மன்னார் கரையோரங்களிலும் நமது ஊர்கள் பெரும்பாலும் மணல் பாங்கானவை. சில அடி ஆழத்திலேயே நீர் இருக்கிறது. ஒரு பீப்பாய் அடி துருப்பிடித்து மணலில் கசிந்தால் அது போய்ச் சேரும் இடம் பக்கத்து வீட்டுக் கிணறு. வெள்ளக் காலத்தில் கட்டி வைக்காத பீப்பாய்கள் மிதந்து போய் உடையும் ஆபத்தும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

எரிபொருளை வைத்திருப்பதும் கொண்டு செல்வதும் சட்டத்துக்குட்பட்ட விடயம் என்பது நமது நாட்டில் புதிய கருத்தல்ல. பிரித்தானியர் காலத்திலேயே பெற்றோலியத்துக்கென்று கட்டளைச் சட்டம் இருந்தது. இன்று எரிபொருள் இறக்குமதி, விற்பனை, விநியோகம் ஆகியவற்றுக்கான அனுமதி 2002ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பெற்றோலிய உற்பத்திப் பொருட்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வருகிறது. 2022இல் அது திருத்தப்பட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் சந்தை திறக்கப்பட்டது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. வேலைத்தலங்களில் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். கடைகளுக்கான வியாபார உரிமம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் கையில்.

இவ்வளவு இருந்தும் பெரிய தாங்கிகளைப் பார்க்கும் கண் சிறிய கேன்களைப் பார்ப்பதில்லை. ஒரு சாதாரண வீட்டுக்காரரிடமோ ஹார்ட்வெயார் கடைக்காரரிடமோ "எத்தனை லீற்றர் வரை வைத்திருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. தெரியாத விதியை யாராலும் பின்பற்ற முடியாது.

வேறு நாடுகள் இதை எவ்வாறு செய்கின்றன என்று பார்ப்போம். இந்தியாவின் 1934ஆம் ஆண்டு பெற்றோலியச் சட்டம் தீப்பற்று வெப்பநிலையைக் கொண்டு எரிபொருட்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது. 23 பாகைக்குக் குறைவானவை முதல் வகுப்பு. பெற்றோல் இதில் அடங்கும். விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லீற்றர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம், அதுவும் இறுக மூடிய பாத்திரத்தில். ஆபத்துக் குறைந்த வகுப்புகளுக்கு எல்லை பல மடங்கு அதிகம். பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டில் 30 லீற்றர் பெற்றோல் வரை வைத்திருக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அதற்கு மேல் 275 லீற்றர் வரை என்றால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். பிளாஸ்டிக் கேன் என்றால் 10 லீற்றருக்கும் உலோகக் கேன் என்றால் 20 லீற்றருக்கும் மேற்படக் கூடாது.

இந்த விதிகளில் உள்ள நியாயத்தைக் கவனியுங்கள். அவை எல்லோரையும் குற்றவாளியாக்கவில்லை. ஆபத்தின் அளவுக்கேற்பக் கட்டுப்பாடு கூடுகிறது. கொஞ்சம் வைத்திருப்பவருக்குச் சுதந்திரம், கூடுதலாக வைத்திருப்பவருக்குப் பொறுப்பு. ஒரே தாளில் அச்சிட்டு எல்லாக் கடைகளிலும் ஒட்டிவிடக்கூடிய அளவுக்கு அவை எளிமையானவை. மூன்று மொழிகளில் அப்படியொரு தாளை வெளியிடுவது நமது அதிகாரிகளுக்குப் பெரிய வேலை அல்ல.

தண்டனையை விட வழி முக்கியம்

இங்கே ஒரு கஷ்டமான விடயத்தையும் பேசியாக வேண்டும். கிராமத்துச் சிறு கடையில் சோடாப் போத்தலில் பெற்றோல் விற்பவர் அதனால் கோடீஸ்வரராகிவிடவில்லை. அருகில் ஷெட் இல்லாத ஊரில் இரவு நேரத்தில் ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அவர்தான் கைகொடுக்கிறார். அதிகாலையில் கடலுக்குப் போகும் மீனவருக்கு முதல் நாளே மண்ணெண்ணெய் வாங்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்ததை அனுபவித்தவர், கிடைக்கும்போது வாங்கி வைப்பதை யார் குறை சொல்ல முடியும்?

இவர்களைச் சோதனை போட்டுப் பிடிப்பதால் கேன்கள் மறையாது, கட்டிலுக்கடியில் ஒளியும். ஒளித்து வைத்த கேன் வெளியில் இருக்கும் கேனை விடப் பல மடங்கு ஆபத்தானது. மீன்பிடி இறங்குதுறையில் தடுப்புச் சுவரோடும் பூட்டோடும் தீயணைப்புக் கருவியோடும் ஒரு பொதுத் தாங்கியைக் கூட்டுறவுச் சங்கம் நடத்துமானால், ஐம்பது வீடுகளில் இருக்கும் ஐம்பது கேன்களுக்குத் தேவையே இருக்காது. நிலத்துக்கு மேலான சேமிப்பை ஒழுங்குபடுத்துவது என்றால் தடை செய்வது மட்டும் அல்ல, சேமிப்பதற்கு ஒழுங்கான ஓர் இடத்தைக் கொடுப்பதும்தான்.

நமது வியாபாரிகளிடம் இன்னொரு தயக்கமும் இருக்கிறது. 2014இல் அளுத்கமயிலும் 2018இல் திகனயிலும் 2019இல் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்ததைப் பார்த்த சமூகம் இது. அதிகாரி உரிமம் பார்க்க வந்தாலே "நமக்கு மட்டும்தானா இந்தச் சட்டம்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. விதி எல்லோருக்கும் ஒன்றாக, எழுத்தில், எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவே காரணமாகட்டும். தெளிவான விதி உள்ள இடத்தில்தான் பாரபட்சத்தைச் சுட்டிக்காட்ட முடியும். மேலும், கீழே தின்னரும் மெத்தையும் வர்ணமும் நிறைந்த கடை, மேலே பிள்ளைகள் உறங்கும் வீடு, இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு என்ற நிலையில், தீ எப்படி வந்தது என்பதை விட அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. கடையில் எரிபொருள் வைத்திருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

மார்க்கம் காட்டும் வழி

விதி என்றாலே அரசாங்கத்தின் தொல்லை என்று நினைப்பவர்கள் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலைக் கொஞ்சம் நினைவுகூர வேண்டும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்த செய்தி எட்டியபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அன்னார் கட்டளையிட்டதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் பதிவாகியுள்ளது. மற்றோர் அறிவிப்பில் அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது: எலி விளக்கின் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும். விதியும் காரணமும் சேர்ந்தே சொல்லித்தரப்படுகின்றன. விபத்து எந்த வழியால் வரும் என்று முன்கூட்டியே யோசித்து அந்த வழியை அடைப்பதையே இன்றைய பாதுகாப்புப் பொறியியலாளரும் செய்கிறார்.

கப்பலின் மேல் தட்டிலும் கீழ் தட்டிலும் இருந்தவர்களைப் பற்றிய ஹதீஸும் நமக்குத் தெரிந்ததே. கீழ்த்தட்டுக்காரர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளையிட நினைத்தார்கள். அது அவர்களுடைய பங்குதான். ஆனால் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். என் வீடு, என் கேன், உனக்கென்ன என்ற வாதத்துக்கு இதை விடத் தெளிவான பதில் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய நமது ஊர்களில் ஒருவரின் கேன் ஒருவருடையது மட்டுமல்ல.

என்ன செய்யலாம்?

வீட்டில்: உண்மையான தேவை இல்லையென்றால் பெற்றோலை வைத்திருக்காதீர்கள். மின்பிறப்பாக்கிக்கோ படகு இயந்திரத்துக்கோ தேவையென்றால் குறைந்த அளவில், எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட கேனில், உறங்கும் வீட்டுக்கு வெளியே நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். வெப்பம் 10 பாகை கூடினால் பெற்றோல் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு விரிவடையும். கேனை வாகனத்தில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். நிலைமின் பொறியைத் தவிர்க்க அது உதவும். சூடான மின்பிறப்பாக்கி ஆறும் வரை எரிபொருள் ஊற்ற வேண்டாம். பெற்றோலில் பிடித்த தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்; மணலோ உலர் தூள் தீயணைப்புக் கருவியோதான் பயன்படும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் மண்ணெண்ணெயை ஒருபோதும் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. தவறுதலாகக் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. குழாயில் வாய் வைத்து எரிபொருள் உறிஞ்சும் பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது.

பாத்திரத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் என்பதற்கு நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர நல்ல உதாரணம். குப்பி விளக்கு சரிந்து எரிந்து வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, மாமைட் போத்தலின் வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, எளிதில் சரியாத, உருளாத, திருகு மூடியுள்ள விளக்கை வடிவமைத்தார். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு போத்தலின் வடிவத்தை மாற்றிக் காப்பாற்றிய உயிர்கள் அவை.

கடையிலும் பட்டறையிலும்: தின்னர், பெற்றோல் போன்றவற்றின் அன்றைய தேவைக்கான அளவை மட்டும் முன்னால் வைத்து, மீதியைத் தனிக் கட்டிடத்தில் வையுங்கள். வீடு மேலே இருந்தால் வெளியேற இரண்டாவது வழி கட்டாயம். வெல்டிங் கடைக்காரர்கள் வெற்றுப் பீப்பாயை வெட்டுமுன் ஒரு தடவைக்கு இரு தடவை யோசிக்க வேண்டும். நிரம்பிய பீப்பாயை விட, ஆவி மட்டும் தங்கிய வெற்றுப் பீப்பாய்தான் வெடிக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும்: ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலாவது இவ்விடயத்தைப் பேசுவதும், ஊரில் எங்கே எவ்வளவு எரிபொருள் சேமிக்கப்படுகிறது என்பதைத் தண்டிப்பதற்காக அல்லாமல் தெரிந்துகொள்வதற்காகக் கணக்கெடுப்பதும் முடியாத காரியமல்ல. பள்ளிவாசல் மின்பிறப்பாக்கிக்கான டீசல் எங்கே இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

உள்ளூராட்சி சபைகள்: எத்தனை லீற்றர் வரை எவ்வாறு வைத்திருக்கலாம் என்பதை மும்மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். வியாபார உரிமம் புதுப்பிக்கும்போது இடத்தை நேரில் பாருங்கள். பெரும்பாலான பிரதேச சபைகளுக்குச் சொந்தத் தீயணைப்புப் பிரிவு இல்லாத நாட்டில், தீ வராமல் தடுப்பதே நம்மிடமுள்ள முதலாவது தீயணைப்புப் படை. தீயணைப்பு வாகனம் பக்கத்து நகரிலிருந்து வந்து சேரும்போது ஓர் ஓலை வீடோ ஒரு தெருக்கடை வரிசையோ எஞ்சியிருக்காது.

சபை உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது வீதி, வடிகான், தெருவிளக்கு கேட்கிறோம். இனி இதையும் கேட்போம். சபை விதி எழுதும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்றிரவு உறங்குமுன் அடுப்பை அணைத்துவிட்டு, படிக்கட்டின் கீழே இருக்கும் அந்தக் கேனையும் வீட்டுக்கு வெளியே எடுத்து வையுங்கள். அல்லாஹ் நமது வீடுகளையும் அயலவர்களையும் பாதுகாப்பானாக.